பொட்டலம் மடிக்கத் தெரிந்தவருக்கு டைட்டானியக் கூம்பு

மோட்டார் சைக்கிளுக்கு வீட்டுப் பட்டறையிலேயே டைட்டானியம் சைலன்சர் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் பயப்படுவது வெல்டிங்குக்குத்தான். பயம் நியாயமானது. ஆனால் பலர் தகட்டை வீணாக்குவது வெல்டிங்கில் அல்ல. அதற்கு முந்தைய நாள், பென்சிலும் அளவுகோலுமாக உட்கார்ந்திருக்கும்போதே அது வீணாகிவிடுகிறது. என் முதல் தகடும் அப்படித்தான் போனது.

எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கூம்பு. எஞ்சினிலிருந்து வரும் 51 மி.மீ. குழாயை, 101 மி.மீ. அகலமுள்ள சைலன்சர் உருளையோடு சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் குறுகல், மறுபக்கம் அகலம். இதில் என்ன கணக்கு என்று நினைத்து, குறுகிய வாயின் சுற்றளவு ஒரு பக்கமும் அகன்ற வாயின் சுற்றளவு மறுபக்கமுமாக, நேர்க்கோடுகளால் ஒரு சரிவகம் வரைந்து வெட்டினேன். சுருட்டிப் பார்த்தால் கூம்புபோலத்தான் இருந்தது. அகன்ற வாயைக் கீழாக வைத்து மேசையில் நிறுத்தியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. விளிம்புகள் சேரும் பக்கம் வால்போல நீண்டிருந்தது. எதிர்ப்பக்கம் மேசையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

இதே தவறைக் கடற்கரையில் தினமும் பார்க்கலாம். வேர்க்கடலை விற்பவர் செவ்வகக் காகிதத்தைச் சுருட்டிப் பொட்டலம் போடுகிறார். அதன் வாய் ஒருபோதும் சமமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் முனை தூக்கிக்கொண்டு நிற்கும். அவர் அந்த முனையை மடித்து மூடியாக்கிக்கொள்கிறார். நமக்கு அந்த வசதி கிடையாது.

காரணம் எளியது. கூம்பின் வாய் சமமாக இருக்க வேண்டுமென்றால், அந்த வாயில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் கூம்பின் உச்சியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பவை எல்லாம் சேர்ந்தால் வட்ட வில்தான் வரும், நேர்க்கோடு வராது. ஐஸ்கிரீம் கூம்பைச் சுற்றியிருக்கும் காகிதத்தைப் பிரித்துப் பாருங்கள்: அது ஒரு வட்டத்திலிருந்து வெட்டியெடுத்த விசிறித் துண்டு. அந்த விசிறியின் கூர்முனையை இன்னொரு சிறிய வில்லால் வெட்டிவிட்டால் மீதியிருப்பது நமக்கு வேண்டிய வடிவம். பத்தாம் வகுப்புக் கணக்கில் வாளியின் கொள்ளளவு கேட்பார்களே, ‘கூம்பின் இடைக்கண்டம்’ என்று, அதுதான் இது. அன்று வாளியில் எவ்வளவு பால் பிடிக்கும் என்று கேட்டார்கள். வாளியை எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கூம்பு எதற்கு?

எஞ்சினிலிருந்து வரும் புகை சூடானது, வேகமானது, அத்தோடு துடிப்புத் துடிப்பாக வருவது. குழாய் திடீரென்று அகன்றால் அந்த இடத்தில் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்து சுழல்களாக உடைகிறது. அழுத்த அலையின் ஒரு பகுதி அங்கிருந்தே திரும்பி எஞ்சினை நோக்கிப் போகிறது. சிறுகச் சிறுக அகலும் கூம்பு இந்த மாற்றத்தை நீளத்தில் பரப்பிவிடுகிறது. எவ்வளவு மெதுவாக அகல்கிறதோ அவ்வளவுக்கு ஓட்டம் சுவரோடு ஒட்டியிருக்கும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கூம்பு இன்னும் ஒருபடி மேலே போய் எஞ்சினின் உறுப்பாகவே வேலை செய்கிறது. அகலும் கூம்பு திருப்பி அனுப்பும் குறையழுத்த அலை, சிலிண்டரிலிருந்து எரிந்த புகையை உறிஞ்சி வெளியே இழுக்கிறது. பின்னால் வரும் குறுகும் கூம்பு திருப்பி அனுப்பும் மிகையழுத்த அலை, தப்பி வெளியே வந்துவிட்ட புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திரும்பத் தள்ளுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் இதைப் பந்தயத்துக்கான நுட்பமாகவே வளர்த்தெடுத்தார். 1961இல் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகியில் அவர் 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். தகட்டுக் கூம்பின் அளவுகள் பனிப்போர் ரகசியமாக இருந்த காலம் அது.

நம்முடைய கூம்பு அந்த அளவுக்குக் கறாரானது அல்ல. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சருக்குள் துளையிட்ட குழாய் ஒன்று நேராக ஓடுகிறது. புகை போவது அதன் வழியாக. அதைச் சுற்றிச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு, பஞ்சைச் சுற்றி உருளை. முன்பக்கக் கூம்பு பெரும்பாலும் இவற்றை மூடும் கூடுதான். அதனால் சற்றுச் செங்குத்தாக இருந்தாலும் கெடுதல் இல்லை. முதல் கூம்பைப் பழக இதைவிட நல்ல இடம் வேறில்லை. எஞ்சினின் வாயை ஒட்டிய பகுதியைவிட இங்கே சூடும் குறைவு.

வரைபடம்

இப்போது கணக்கு. முதலில் எந்த விட்டத்தை எடுப்பது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தகட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது, நடுவில் உள்ள அடுக்கு மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. ஆகவே கணக்கு அந்த நடு அடுக்குக்குத்தான். தகட்டின் கனம் 1 மி.மீ. என்றால், வெளிவிட்டத்திலிருந்து 1 மி.மீ. கழிக்க வேண்டும்: 51க்குப் பதில் 50, 101க்குப் பதில் 100. இதைக் கழிக்க மறந்தால் சுற்றளவில் 3 மி.மீ.க்கு மேல் கூடுதலாக வரும். கூம்பின் வாய் குழாயைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகிவிடும். ஸ்டீல் தகட்டில் அந்தப் படியைக் கம்பியை உருக்கி நிரப்பிச் சமாளிக்கலாம். டைட்டானியத்தில் அந்தச் சமாளிப்பு வம்பில் போய் முடியும்.

கூம்பின் உயரம் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விட்டங்களின் வித்தியாசம் 50, அதில் பாதி 25. 120இன் வர்க்கத்தோடு 25இன் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சாயுயரம் 122.6 மி.மீ. விசிறியின் வெளி ஆரத்துக்கு, சாயுயரத்தைப் பெரிய விட்டத்தால் பெருக்கி, விட்டங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்: 245.2 மி.மீ. அதிலிருந்து சாயுயரத்தைக் கழித்தால் உள் ஆரம்: 122.6 மி.மீ. இங்கே பெரிய விட்டம் சின்னதைப்போல் சரியாக இரு மடங்கு என்பதால்தான் உள் ஆரமும் சாயுயரமும் ஒன்றாக வந்தன. உங்கள் அளவுகளில் அப்படி வராது, திகைக்க வேண்டாம். கடைசியாக விரிகோணம்: 180ஐப் பெரிய விட்டத்தால் பெருக்கி வெளி ஆரத்தால் வகுத்தால் 73.4 பாகை.

பள்ளிக்கூடக் கவராயம் 245 மி.மீ. விரியாது. ஒரு மரச்சட்டத்தில் ஆணி ஒன்று அடித்து, ஆணியிலிருந்து 122.6 மி.மீ. தூரத்திலும் 245.2 மி.மீ. தூரத்திலும் பென்சில் நுழையும் துளைகள் போட்டால் அதுவே கவராயம். கோணத்தைப் பாகைமானியால் அளக்காதீர்கள். அந்தத் தூரத்தில் அரைப் பாகைப் பிசகு 2 மி.மீ.க்கு மேல் போய்விடும். அதற்குப் பதில், பெரிய வில்லின் இரு முனைகளுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் 293 மி.மீ. வருகிறதா என்று ஸ்கேலால் பார்த்தால் கோணம் தானாகச் சரியாக அமையும்.

வரைந்ததைச் சார்ட் அட்டையில் வெட்டிச் சுருட்டி, விளிம்போடு விளிம்பு முட்டும்படி டேப் ஒட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. தகரப் புனல் செய்பவர் மடிப்புக்கென்று கொஞ்சம் கூடுதலாக வெட்டுவார். நமக்கு மடிப்பு கிடையாது. அட்டைக் கூம்பை மேசையில் நிறுத்தி இரு வாய்களும் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அதை வண்டியிலேயே பொருத்திப் பாருங்கள். கால்மிதியில் இடிக்கிறதா, பின்சக்கரத்துக்கு இடைவெளி போதுமா என்பதெல்லாம் அட்டைச் செலவிலேயே தெரிந்துவிடும். நான் இப்போதெல்லாம் குறைந்தது இரண்டு அட்டைக் கூம்பாவது செய்யாமல் தகட்டைத் தொடுவதில்லை.

தகடு

டைட்டானியம் அபூர்வமான உலோகம் என்று பலர் நினைக்கிறார்கள். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கும் இல்மனைட் தாதுவில் இருப்பது இதுவேதான். பஞ்சம் தாதுவுக்கு இல்லை. அதற்குள் டைட்டானியம் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் பிடிதான் சிக்கல். அதைப் பிரிக்க, தாதுவைக் குளோரினோடு சேர்த்து வேறு சேர்மமாக்கி, பிறகு மக்னீசியத்தால் அந்தச் சேர்மத்திலிருந்து உலோகத்தை மீட்க வேண்டும். கேரளத்தின் சவறாவில் உள்ள ஆலையில் நடப்பதும் இதுதான். தகட்டின் விலைக்கும், அடுத்து நாம் படப்போகும் வெல்டிங் பாட்டுக்கும் காரணம் அந்த ஒரே பிடி. சூடேறியதும் டைட்டானியம் மறுபடி ஆக்சிஜனைத் தேடிப் போகிறது.

வாங்கும்போது கிரேடு 2 என்று கேட்டு வாங்குங்கள். இது கலப்பில்லாத வணிகத் தூய்மை டைட்டானியம். கையால் வளைக்க இசையும். விமானங்களில் புகழ்பெற்ற கிரேடு 5 அலுமினியமும் வனேடியமும் கலந்தது, வலிமை இதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வலிமை மூன்று மடங்கு என்பது கேட்க நன்றாக இருக்கும், வளைக்கும்போது உங்களோடு மல்லுக்கு நிற்கும்.

வெட்டுவதற்கு 1 மி.மீ. தகட்டுக்கு நல்ல கத்தரி போதும். கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மீதியை அரத்தால் ராவிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கத்தரி விட்டுச்செல்லும் பிசிறுகளை அப்படியே விட்டால் வளைக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். கிரைண்டர் பயன்படுத்தினால் ஒரு எச்சரிக்கை: டைட்டானியத் தூள் எரியும், அதுவும் கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தீயாக. தூளைக் குவிய விடாதீர்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். இரும்பு ராவிய அரத்தையோ இரும்பு தேய்த்த பிரஷையோ இதற்குப் பயன்படுத்தவும் கூடாது. ஒட்டியிருக்கும் இரும்புத்துகள் வெல்டிங்கில் கலந்து இணைப்பைக் கெடுக்கும்.

சுருட்டுதல்

இங்கேதான் டைட்டானியத்தின் குணம் கைக்குத் தெரியும். அதன் விறைப்பு ஸ்டீலில் பாதிதான். ஆனால் நிலையாக வளைய அதிக விசை கேட்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் தகடு கணிசமாகப் பின்வாங்கும். 100 மி.மீ. வட்டம் வேண்டுமென்றால் அதைவிடச் சிறிய வட்டமாக வளைத்துவிட்டு, அது தன் போக்கில் விரிந்து வர விட வேண்டும். எவ்வளவு சிறியது என்பதை அதே தகட்டின் வெட்டுத்துண்டு ஒன்றை வளைத்துப் பார்த்து அறிந்துகொள்வதுதான் நம்பகமான வழி.

அடுத்த சங்கதி திசை. உருளைக் குழாய் செய்யும்போது தகட்டின் வளைவுக் கோடுகள் எல்லாம் இணையாக ஓடும். கூம்பில் அவை இணையல்ல. ஒவ்வொன்றும் விசிறியின் மையத்தை நோக்கி ஓடும். பனையோலை விசிறியின் ஈர்க்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே வெட்டிய தகட்டில், உள் வில்லிலிருந்து வெளி வில்லுக்கு, மையத்தை நோக்கிய கோடுகளை 5 பாகைக்கு ஒன்றாக வரைந்துவிடுங்கள். கீறாதீர்கள், பேனாவால் வரைந்தால் போதும், பிறகு துடைத்துவிடலாம். ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே போனால் கூம்பு தானாக உருவாகும். இந்தக் கோடுகளைப் பொருட்படுத்தாமல் வளைத்தால் தகடு முறுக்கிக்கொள்ளும். முறுக்கை எடுப்பது வளைப்பதைவிடப் பெரிய வேலை.

உருளைகள் வைத்த ரோலிங் இயந்திரம் கிடைத்தால், பின் உருளையை ஒரு பக்கம் சாய்த்து வைத்து, குறுகிய பக்கம் மெதுவாகவும் அகன்ற பக்கம் வேகமாகவும் நகரும்படி தகட்டைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இயந்திரம் இல்லையென்றால், 30 முதல் 40 மி.மீ. விட்டமுள்ள கனமான இரும்புக் குழாயை வைஸில் பிடித்து, அதன்மேல் தகட்டை வைத்துக் கையால் அழுத்துங்கள். இரும்பின் கறை ஒட்டாமல் இருக்க குழாயின்மேல் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கடைசியில் தட்டிச் சரிசெய்வதற்கு இரும்புச் சுத்தியல் வேண்டாம்; கொட்டாப்புளியோ நைலான் சுத்தியோ போதும்.

புதியவர்கள் எல்லோரும் தவறவிடும் இடம் இணைப்பின் இரு ஓரங்கள். வளைப்பதற்குப் பிடிமானம் இல்லாததால் கடைசி ஒரு சென்டிமீட்டர் தட்டையாகவே நின்றுவிடும். இரண்டு தட்டை ஓரங்கள் சந்தித்தால் கூம்பு வட்டமாக இராது, தண்ணீர்த்துளி வடிவில் ஒரு முனை கிளம்பும். ஆகவே ஓரங்களைத்தான் முதலில் வளைக்க வேண்டும், நடுவை அப்புறம். நான் இதை மூன்றாவது கூம்பில்தான் கற்றேன்.

பற்றவைத்தல்

கூம்பு மூடியதும் இரண்டு மூன்று ஹோஸ் கிளாம்புகளால் இறுக்கி, உள்ளே ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். இணைப்பில் வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் அரத்துக்கு வேலை. 1 மி.மீ. தகட்டில் விளிம்புகள் சரியாக முட்டிவிட்டால் கம்பியே கொடுக்காமல் உருக்கிச் சேர்த்துவிடலாம். முந்தைய நாள் கணக்கு சரியாக இருந்தால் இன்றைய வெல்டிங் பாதி முடிந்தது என்று சொல்வது இதனால்தான்.

வேண்டியது டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் மின்பொறி எழுப்பி உருக்கும் முறை), காற்றுப் படாமல் காக்கும் கவசத்துக்குச் சுத்தமான ஆர்கான் வாயு. சூடேறினால் டைட்டானியம் ஆக்சிஜனைத் தேடும் என்றேன் அல்லவா? ஏறத்தாழ 430 பாகை செல்சியஸைத் தாண்டினாலே காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. அது உருகுவதோ 1,668 பாகையில். ஆகவே உருகும் புள்ளியை மட்டும் ஆர்கானால் மூடினால் போதாது. டார்ச் கடந்து போன பிறகும் சூடாகவே இருக்கும் பகுதிக்கும், முக்கியமாகக் கூம்பின் உட்பக்கத்துக்கும் கவசம் வேண்டும். இரு வாய்களையும் அலுமினியத் தாளால் மூடி, ஆர்கானைக் கீழ்ப்பக்கத்திலிருந்து மெதுவாக உள்ளே விடுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. அடியில் தங்கி, மேலே விட்ட சிறு துளை வழியாகக் காற்றை வெளியே தள்ளிவிடும். கூம்பின் கொள்ளளவு முக்கால் லிட்டருக்கும் குறைவு, ஆனாலும் பல மடங்கு வாயுவை ஓடவிட்ட பிறகே தொடங்குங்கள். பட்டறையின் சன்னல் திறந்திருக்கட்டும். ஆர்கான் விஷமல்ல என்றாலும், மூடிய அறையில் நீங்கள் மூச்சுவிட வேண்டிய காற்றையும் அது வெளியேற்றிவிடும்.

தொடங்கும் முன் அசிட்டோனால் துடையுங்கள், பிறகு விரல் படக் கூடாது. முதலில் ஆங்காங்கே டேக் அடித்து (அதாவது பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து), கிளாம்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிறகு முழு இணைப்பையும் ஓட்டுங்கள். முடித்ததும் டார்ச்சைச் சட்டென்று எடுக்காதீர்கள். ஆர்கான் ஓட ஓட அங்கேயே சில வினாடிகள் பிடித்திருங்கள்.

இனி நிறம் பேசும். வெள்ளிபோல் பளபளத்தால் கவசம் முழுமையாக இருந்தது. வைக்கோல் மஞ்சள் என்றால் பரவாயில்லை. நீலம், ஊதா என்றால் காற்று நுழைந்திருக்கிறது. சாம்பல் நிறமும் வெள்ளைப் பொடியும் கண்டால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது, வெட்டியெறிய வேண்டியதுதான். நீலத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறைத்தால் கண்ணுக்குத்தான் மறையும், உள்ளே கலந்த ஆக்சிஜன் அங்கேயே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், டைட்டானியம் சைலன்சரில் வாங்குபவர்கள் காசு கொடுத்து விரும்புவதும் அந்த நீலத்தைத்தான். திடமான தகட்டில் வண்டி ஓடும் சூட்டால் மெல்ல வரும் நீலம், மேற்பரப்பில் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தில் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு எழுப்பும் நிறம். அதனால் கெடுதல் இல்லை. அதே நீலம் வெல்டிங் நடந்த உடனே, உருகிய இடத்தில் தோன்றினால் அது குற்றச்சாட்டு.

ஒரு கூம்பு கைவந்துவிட்டால் வளைந்த குழாய்க்கும் வழி திறக்கிறது. கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் நீள்வட்டம். நீள்வட்டத்தை அதன் நடுவை மையமாக வைத்து 180 பாகை திருப்பினாலும் அதே வடிவம்தான். ஆகவே வெட்டிய துண்டைத் திருப்பி அதே இடத்தில் ஒட்டினால் விளிம்புகள் அப்படியே பொருந்தும், கூம்பு மட்டும் திசை மாறி வளைந்துவிடும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் பாம்புபோல் நெளியும் புகைக்குழாய்கள் பல இப்படித் துண்டு துண்டாகச் சேர்க்கப்பட்டவைதான்.

எடை எவ்வளவு மிச்சம் என்று கேட்பீர்கள். நம் கூம்பின் தகட்டுப் பரப்பு 289 சதுர சென்டிமீட்டர்; 1 மி.மீ. கனத்தில் டைட்டானியத்தில் 130 கிராம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 230 கிராம். இத்தனை பாட்டுக்கும் மிச்சம் ஒரு டம்ளர் தேநீரின் எடைகூட இல்லை. வேகத்துக்காக இதைச் செய்வதாகச் சொல்பவர் வீட்டில் சமாதானம் சொல்கிறார் என்று பொருள். இன்னொன்று: சாலையில் ஓட்டும் வண்டி என்றால் உள்ளே பஞ்சைக் குறைக்காதீர்கள், சத்த வரம்பை மீறினால் அபராதம் உண்டு.

வண்டியில் மாட்டும்போது இணைப்புக் கோட்டைச் சக்கரத்தின் பக்கமாகத் திருப்பி வையுங்கள். என் நாலாவது கூம்பில் கோடு வெள்ளியாகவே வந்தது. அதை மட்டும் வெளிப்பக்கமாக மாட்டினேன்.